வாய்க்காலில் போன முறுக்கு

அகதா செருப்புகூடப் போடாமல் ஆறாம் லயத்துக்கு நடந்தாள். பின்னாலேயே மகள் கான்ஸ்டன்ஸ் அழுதபடி வந்தாள்.

“வேணாம்மா. அப்புறம் ஒருத்தரும் என்கூடப் பேசமாட்டாங்க.”

“இப்ப மட்டும் பேசிக் கிழிக்கிறாங்களா?”

ஜெராம் என்ற ஊரிலிருந்து இந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்து ஒரு மாதமாகிறது. பதினோரு வயதுப் பெண், பள்ளிக்கூடத்தில் தனியாகவே உட்கார்ந்திருக்கிறாள். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்கார அரசாங்கம் சண்டையிடும் அவசரகாலம். புதிதாக வந்தவர்களிடம் பிள்ளைகள்கூட வாய் திறப்பதில்லை.

அகதா பங்கீட்டு அரிசியில் தினமும் ஒரு பிடி ஒதுக்கினாள். அதை மாவாக இடித்துப் பத்து முறுக்கு சுட்டாள். “கூட்டாளிங்களுக்குக் கொடு. தானா வந்து பேசுவாங்க” என்று காலையில் மகளின் கையில் கொடுத்து அனுப்பினாள்.

பள்ளிக்கூடம் தோட்டத்தைச் சுற்றிய முள்வேலிக்கு வெளியே இருந்தது. கேட்டில் போலீஸ் சோதனை. வரிசையில் நின்றபோது நவமணி என்கிற பெண் பொட்டலத்தைப் பிடுங்கி, ஒரு வார்த்தை பேசாமல் வாய்க்காலில் எறிந்துவிட்டாளாம்.

ஆறாம் லயத்தில் நவமணி தன் வீட்டு வாசலில் தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“நீதானா அது? புடிக்கலன்னா வேணாம்னு சொல்லணும். நீ வாய்க்கால்ல வீசுறதுக்கா நான் ஒரு வாரம் அரைவயிறு சாப்பிட்டேன்?”

நவமணி தலை குனிந்துகொண்டாள்.

“கேக்குறேன்ல, வாயில என்ன கொழுக்கட்டையா?”

“போலீஸ்காரர் காதுல விழற தூரத்துல இருந்தாரு அத்தை. பேச முடியல. திங்கிற சாமான் எதுவும் வெளிய கொண்டுபோகக் கூடாது.”

“அரிசிதான் கூடாதுன்னு கணக்கெழுதுற கிராணி சொன்னாரு, காட்டுல ஒளிஞ்சிருக்கிறவங்களுக்குப் போயிடுமாம். என் முறுக்கைத் தின்னுட்டுத்தான் அவங்க துப்பாக்கி தூக்கப்போறாங்களாக்கும்.”

நவமணி கடைசிக் கவளத்தைத் தம்பிக்கு ஊட்டினாள்.

“சின்னப் புள்ளகிட்ட எனக்கென்ன பேச்சு. உங்க அம்மாவைக் கூப்பிடு. பொண்ணு வளர்த்த லட்சணத்தை அவங்ககிட்டயே கேட்டுக்கிறேன்.”

“அம்மா இல்ல அத்தை.”

“எப்ப வருவாங்க?”

நவமணி தம்பியிடம் காலித் தட்டைக் கொடுத்து உள்ளே அனுப்பினாள். அவன் போகும்வரை காத்திருந்தாள்.

“இன்னும் ஒன்றரை வருஷம் ஆகும். ஜெயில்ல இருக்காங்க.”

அகதாவின் குரல் இறங்கியது. “ஜெயிலா? அப்படி என்ன செஞ்சாங்க?”

“பள்ளிக்கூடத்துல கூட்டாளிங்களோட சாப்பிடச் சொல்லி, எனக்கு ரெண்டு அதிரசம் கட்டிக் கொடுத்தாங்க.”