மடியில் ஏறிய கனம்

சோலோ நகரில் இருபத்தாறு வருடமாகக் கல்யாணப் படமும், தேயிலைத் தோட்டத்தில் ஜோடிப் படமும் எடுக்கிறேன். என் மகள் நிங்ருமின் கல்யாணத்துக்கும் கேமராவை இன்னொருவன் கையில் கொடுக்க மனம் வரவில்லை.

எங்கள் வழக்கப்படி பெண்ணின் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, மணமக்களை ஆளுக்கொரு தொடையில் தாங்க வேண்டும். "யாருங்க கனம்?" என்று அம்மா கேட்பாள். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று அப்பா சொல்வார். மருமகனும் இனி மகன்தான் என்று அர்த்தம்.

"வீட்டு ஆல்பத்துல ஒரு படத்துலகூட நீங்க இல்ல. என் கல்யாணத்தன்னைக்காவது கேமராவை இறக்கி வைங்கப்பா," என்றாள் நிங்ரும்.

"அப்புறம் அந்த மடியில தாங்குற படத்தை எவன் ஒழுங்கா எடுப்பான்?" என்றேன்.

என் இடத்தில் அண்ணன் தர்மோவை உட்கார வைத்தேன். நிங்ரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நான் எதிரே மண்டியிட்டுப் பதினோரு படம் எடுத்தேன்.

மறுநாள் காலை அவற்றைக் கணினியில் பார்த்தேன். பதினொன்றிலும் நாற்காலியில் நான்தான் இருந்தேன். நிங்ரும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "நான்தானே உக்காந்தேன்? ஆனா கனமே தெரியலடா. பஞ்சு மாதிரி இருந்துச்சு," என்றார்.

எழுந்திருக்கப் பார்த்தேன். தொடைகள் ஒத்துழைக்கவில்லை. என் மனைவி லஸ்த்ரி தைலத்தோடு வந்து, தரையில் உட்கார்ந்து தேய்த்துவிட்டாள்.

"எந்தப் பக்கங்க ரொம்ப வலிக்குது?"

"ரெண்டும் ஒண்ணுதான்," என்றேன்.