கேட்பாரற்ற கார்

"பொங்கலூர் ரோட்டோரமா நாலு மாசமா ஒரு கார் கேட்பாரில்லாம நிக்குதுய்யா. அதை என் பேருக்கு மாத்தித் தரணும்." பனியன் கம்பெனி அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல், நாகஜோதி மனுவை நீட்டினாள்.

சப்-இன்ஸ்பெக்டர் கன்னையன் முறைத்தார். "நின்னா உங்களுதாயிருமாங்க? ஓனர் எங்கியாவது உசுரோட இருப்பாருல்ல?"

"இருக்காரான்னு யாருய்யா தேடுறது?"

"நாங்கதானுங்க. ஆளைக் கண்டுபிடிச்சு நோட்டீஸ் குடுக்கோணும். அவரு வேண்டாம்னு சொன்னாத்தான் அடுத்த பேச்சே."

"நிசமாவே தேடுவீங்களா?"

"தேடித்தானுங்க ஆகோணும். செல்போன், டோல்கேட் கேமரா எல்லாம் பார்ப்போம். அடுத்தவங்க சொத்துங்கம்மா, வெளையாட்டா?"

"அப்ப ரசீது போட்டுக் குடுங்கய்யா."

எரிச்சலோடு முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு, வண்டி நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டினார். "ஓனர் இசக்கிமுத்து, வீரபாண்டி..." மனுவில் இருந்த முகவரியைப் பார்த்தார். இரண்டும் ஒன்று. "ஏனுங்க, இது..."

"என் வீட்டுக்காரர்தான்யா. ஆளைக் காணோம்னு மூணு தடவை வந்தேன். பெரிய ஆம்பள, தானா வந்துருவாருன்னு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க."

ரசீதை அடையாள அட்டைக்குப் பின்னால் செருகிக்கொண்டாள்.

"காருக்குன்னா தேடுவீங்கள்ல?"