ரெண்டு மணிப் புகார்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. இதைச் சத்தமாச் சொல்ல முடியாது. சொன்னா ஒருத்தர் வேலைக்கு உலை வெச்ச மாதிரி ஆயிடும்.

எங்க தெருக்கோடியில ஒரு டேட்டா சென்டர். ஊர் உலகத்துப் போட்டோ, வீடியோ எல்லாம் அதுக்குள்ளதான் இருக்காம். அது வந்த நாள்லேர்ந்து தெருவுக்குத் தினம் மத்தியானம் ரெண்டுலேர்ந்து மூணு வரைக்கும் கரண்டு கிடையாது. அந்தக் கரண்டு அங்க ஏசிக்குப் போயிடும்; மெஷினுக்குச் சூடு ஆகாதாம்.

வாசல்ல ஒரு வாட்ச்மேன். பன்னிரண்டு மணி நேர வேலை. உள்ளேயிருந்து இரைச்சல் வரும், ஆள் வராது.

எதிர்வீட்டுல தையல்காரம்மா. தனிக்கட்டை. துணி கொடுக்க வர்றவங்களும் அளவைக் கொடுத்துட்டுக் கிளம்பிடுவாங்க. மோட்டார் வெச்ச மெஷின். கரண்டு போனா கையைக் கட்டிப் போட்ட மாதிரி.

மணி ரெண்டு ஆச்சோ இல்லையோ, அந்தம்மா கேட்டுக்கு வந்துடும்.

"ஏய்யா வாட்ச்மேன்! உங்க பொட்டிங்களுக்கு ஏசி, மனுஷிக்கு அட்டை விசிறியா?"

"நான் என்னம்மா பண்ணுவேன்? கேட்டைத் திறக்கறதும் மூடறதும்தான் என் கையில இருக்கு."

"அப்ப உள்ளே இருக்கிறவனை வரச் சொல்லு!"

"உள்ளே மெஷின்தாம்மா இருக்கு."

"அதையாவது வரச் சொல்லு!"

ஒரு மணி நேரம் ஓடும். நடுவுல "சாப்பிட்டியா?"ன்னு ஒரு கேள்வி வரும். அவர் தலையாட்டினதும் விட்ட இடத்திலேர்ந்து திட்டு தொடரும்.

"தனியா இருந்து இருந்து நாக்குல விஷம் ஏறிடுச்சு"ன்னு தெருவே பேசிச்சு.

அப்புறம் மேலிடத்துலேர்ந்து உத்தரவு வந்தது. வீடுகளுக்குக் கரண்டை வெட்டிட்டு, அதைக் கம்பெனிக்குக் கொடுக்கக் கூடாதுன்னு. மறுநாள் ரெண்டு மணிக்கு எல்லா வீட்டுலயும் விசிறி சுத்துது.

தையல்காரம்மா கேட்டுல நிக்குது.

"என் வீட்டுல மட்டும் கரண்டு இல்லை!"

"என்னம்மா இது, உத்தரவுக்கும் உனக்கும் ஆகாதா?"ன்னாங்க பக்கத்து வீட்டுக்காரங்க.

மூணு நாள் இதே கதை. நாலாம் நாள் கம்பெனி மேனேஜரே வெளியே வந்துட்டார்.

"வாட்ச்மேன்! நீ இடம் கொடுத்ததால வந்த வினை இது. லைன்மேன் வந்து பார்க்கட்டும். பழுது ஒண்ணும் இல்லேன்னா, நாளைக்கே உன்னை வேற ஊருக்கு மாத்திடுவேன்."

வாட்ச்மேன் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். அந்தம்மா திட்டறதை விட்டுட்டுத் தன் வீட்டு வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்துச்சு.

லைன்மேன் வந்தார். நரைச்ச மீசை, அதிகம் பேசாத மனுஷன். வீட்டுக்குள்ள போனார். ஊசிக்கு அடியில பாதி தைச்ச சட்டைக் கை. சுவத்துல மீட்டர் பெட்டி. ஒரு நிமிஷம் நின்னு பார்த்தார். வெளியே வந்து கம்பத்தையும் அண்ணாந்து பார்த்தார்.

"பழுது இருக்கு சார்."

"எங்கே?"

"அதுதான் பிடிபடலை. பழைய லைன். ரெண்டு மணிக்குன்னு பார்த்து வருது. தினம் அந்த நேரத்துக்கு இந்தம்மா இங்க வந்து, கரண்டு இருக்கா இல்லையான்னு சொல்லணும். வாட்ச்மேன் நோட்டுல எழுதி வைக்கணும்."

"எத்தனை நாளைக்கு?"

"கண்டுபிடிக்கிற வரைக்கும். மாசக்கணக்காகூட ஆகலாம். எழுதற ஆளை மாத்தாதீங்க சார். கையெழுத்து மாறினா, கம்பெனி எதையோ மறைக்குதுன்னு மேலிடத்துல கேட்பாங்க."

மேனேஜர் முகத்துல ஈயாடலை. "சரி சரி, இவரே எழுதட்டும்."

"இந்தம்மா எவ்வளவு நேரம் நின்னுகிட்டே சொல்லும்? ஒரு நாற்காலி போட்டுடுங்க."

வாட்ச்மேன் ஓடிப் போய்த் தன் நாற்காலியையே தூக்கிட்டு வந்தார். அந்தம்மா லைன்மேனைப் பார்க்காம தரையைப் பார்த்துச்சு.

"டெஸ்டரை உள்ளேயே விட்டுட்டேன்"னு சொல்லிட்டு லைன்மேன் மறுபடி அந்த வீட்டுக்குள்ள போனார். தையல்காரம்மா தன் கையாலயே இறக்கி வெச்சிருந்த மெயின் சுவிட்சை, அவர் சத்தம் வராம மேலே தள்ளிவிட்டார்.