பழைய விளையாட்டின் கோளாறு

"எங்க போவணும் சொல்லு. இப்பவே போலாம்," என்றான் ஜீவானந்தம், கல்யாணமான புதிதில் ஒரு நாள்.

"ஒடுகத்தூருல ஒரு பொடவ எடுத்துத் தர நேரமில்ல. காரு திருடறதுக்கு மட்டும் நேரம் இருக்குதா?" என்றாள் தமிழரசி.

"எங்கன்னு சொல்லு புள்ள."

"கடலுக்கு."

அவன் கம்ப்யூட்டர் திரையில் தெரிந்த ஒரு சிவப்புக் காரின் கதவைத் திறந்தான். உள்ளே இருந்தவனை வெளியே இழுத்துப் போட்டான். பிறகு அவளைக் கடலுக்குக் கூட்டிப்போனான்.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய அந்தப் பேச்சைத்தான் இப்போது நினைத்துக்கொண்டிருந்தாள் தமிழரசி. ஜீவானந்தம் ஓட்ட, மலையிலிருந்து ஒடுகத்தூர் சந்தைக்கு ஜீப் இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் புளி மூட்டைகள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அவன் பக்கத்து இருக்கையில் கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டு அப்போதே பழையது. கோளாறுக்கும் பஞ்சமில்லை. வேகமாகப் போனால் திரையில் சாலை வந்து சேரத் தாமதமாகி, வண்டி வெறும் நீலத்துக்குள் விழும். விழுந்த வண்டியை விளையாட்டே தூக்கி மறுபடியும் சாலையில் வைக்கும். துரத்தி வரும் போலீஸ்காரன் இரண்டு சந்து திரும்பினால் எல்லாவற்றையும் மறந்துவிடுவான். ஊரிலிருக்கும் பெண்களுக்கெல்லாம் நாலே நாலு முகம்.

ஆனாலும் அதை விட முடியவில்லை. போய் ஓர் ஆளைக் கொன்றுவிட்டு வா என்று சொல்லும்; சொல்லிவிட்டுக் காத்திருக்கும். போகாமல் கடற்கரையிலேயே சுற்றிக்கொண்டிருந்தாலும் கோபித்துக்கொள்ளாது. நிஜக் கடலை இதுவரை பார்க்காத தமிழரசிக்கு அந்தக் கடல் போதுமானதாக இருந்தது. சூரியன் மறையும்வரை இருவரும் தோளோடு தோள் உரசப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த வருடப் பொங்கலுக்குப் பிறகுதான் எல்லாம் மாறியது.

திருட்டுக் காரில் போனாலும் சிவப்பு விளக்குக்கு நின்று போகிறவன், ஆட்களை மோதித் தள்ள ஆரம்பித்தான். பாலம், சந்து, கடற்கரைத் திருப்பம் எதிலும் வழி தப்பவில்லை. அந்த நகரம் அவனுக்கு இந்த மலைப்பாதையைப் போலவே மனப்பாடம். குறுக்கே வருகிறவர்கள் மட்டும்தான் அடிபட்டார்கள்.

"இன்னா மாமா, பாவம் அந்தப் பொம்பள!"

"கேமு பழசு தமிழு. திடீர்திடீர்னு ஆளக் கொண்ணாந்து முன்னாடி நிறுத்துது. நான் இன்னா பண்றது?"

அவளும் நம்பினாள். அந்தக் கோளாறும் அதற்கு உண்டுதான்.

ஆனால் போன வாரம் ஓரமாக நின்ற ஓர் ஆட்டை ஜீப் இடித்துவிட்டது. "சத்தமே போடாம வந்து நின்னுச்சுன்னா எப்படி?" என்று ஆட்டுக்காரி வெள்ளையம்மாளிடம் அவன் சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான் தமிழரசியின் தூக்கத்தைக் கெடுத்தது. விளையாடி விளையாடி, மோதினால் ஒன்றும் ஆகாது என்று அவன் கைக்குப் பழகிவிட்டதா? நாளைக் காலையில் இதே வண்டியில்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு ஏறும்.

அந்த விளையாட்டை விட்டுவிடு என்று அவனிடம் கேட்க வேண்டும். ஆனால் எந்த வாயால் கேட்பது? இந்த இரண்டு மாதமாக அவன் காட்டும் பிரியம் புதுமாப்பிள்ளைக்குக்கூட வராது. நீ வராமல் வண்டி ஓட்டவே பிடிக்கவில்லை என்று ஒவ்வொரு சந்தைக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறான். சும்மா வராதே, ரோட்டில் என்னென்ன பார்க்கிறாயோ அதையெல்லாம் சொல்லிக்கொண்டே வா என்று கெஞ்சுகிறான். அவளும் உச்சி குளிர்ந்து, சைக்கிள் வருது, பால்காரர் வர்றாரு, கல்லு கெடக்குது என்று வழியெல்லாம் வாயாடிக்கொண்டு வருவாள்.

இன்று அவள் பேசவில்லை. கேட்டே தீருவது என்று சொற்களை மனசுக்குள் கோத்துக்கொண்டு வந்தாள்.

"இன்னா, வாயில கொழுக்கட்டையா?" என்றான்.



அடுத்த வளைவு திரும்பியதும் நடுச்சாலையில் ஒரு மாடு நின்றிருந்தது. நல்ல வெயில். வெள்ளை மாடு.

இப்போது பிரேக் போடுவான் என்று நினைத்தாள். இதோ, இப்போது. அவன் நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. வண்டி அதே வேகத்தில் இறங்கியது.

"மாமா, மாடு!"

பிரேக் கிறீச்சிட்டது. மூட்டைகள் சரிந்து முதுகில் இடித்தன. வண்டி வழுக்கிப் பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. சக்கரம் நெம்பிய கற்கள் கீழே உருண்டு போகும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

மாடு நகரவில்லை. பம்பருக்கு ஒரு முழத் தூரத்தில் அசைபோட்டபடி அவளையே பார்த்தது.

தமிழரசிக்குப் பயமெல்லாம் கோபமாகத் திரண்டது. வாயைத் திறந்தாள்.

"போயிடுச்சா?" என்று கேட்டான் ஜீவானந்தம்.

கேலி செய்கிறான் என்று நினைத்துத் திரும்பினாள். அவன் அந்த மாட்டைப் பார்த்தபடிதான் கேட்டிருந்தான்.

எஞ்சின் அணைந்து கிடந்தது. அவனுடைய இடது கை அவள் கையைத் தேடி வந்தது. முதலில் கம்பியைத் தொட்டு, பிறகு கியரைத் தொட்டு, கடைசியில் அவள் விரல்களைப் பற்றியது.

"பொங்கல்லேருந்து கேக்கணும் கேக்கணும்னு இருக்கேன் தமிழு," என்றான். "என்னைக் கண்ணாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறியா?"