பரிகார மாப்பிள்ளை

ஏழாம் வீட்டில் செவ்வாயும் சனியும் சேர்ந்த பெண்ணுக்கு முதல் கணவன் தங்கமாட்டான். இது பிரபஞ்ச நியதி. முன்பெல்லாம் அவளை ஒரு வாழைமரத்துக்குக் கட்டிவைத்து, மரத்தை வெட்டிவிடுவார்கள். நகரத்தில் வாழை ஏது? அந்த வேலைக்கு அரசாங்கமே இப்போது ஆள் வைத்திருக்கிறது. தாலி கட்டிய பத்தாவது நிமிடம் அவனுக்கு இறப்புச் சான்றிதழ்.

நன்மாறன் அந்த வேலையில் நாற்பது முறை இறந்தவன். நாற்பத்தொன்றாவதாக அவன் காதலி மேகலையே வந்து உட்கார்ந்தாள். தாலி கட்டியதும் பதிவாளரிடம் குதூகலமாகச் சொன்னான்: "ரெண்டாவது மாப்பிள்ளையும் நானேதான் சார். வெளியாள் எதுக்கு?"

அவர் முத்திரை குத்திவிட்டுத்தான் நிமிர்ந்தார். "வெட்டுன மரத்தத் திரும்ப நட முடியுமாய்யா? இவளுக்கு நீ செத்தது செத்ததுதான்."

மேகலை அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு பதிவாளரிடம் கேட்டாள்: "இந்த முகூர்த்தத்த விட்டா எனக்கு ரெண்டு வருஷத்துக்கு வேற இல்லியாம் சார். வேற யாராச்சும் இருக்காங்களா?"

பக்கத்துப் பதிவுத் திருமண வரிசையில் பேன்ட் சட்டையோடு, பெண் வராமல் நின்றிருந்த ஒரு மாப்பிள்ளை கை தூக்கினான்.

பட்டு வேட்டி அலுவலகத்துடையது, ஒன்றுதான் இருந்தது. நன்மாறன் அதை அங்கேயே அவிழ்த்துக் கொடுத்தான்.