எறாலும் பேராசையும்

பொருளாதாரப் பேராசிரியர் தணிகாசலம், பொன்னேரியிலிருந்து வகுப்பையே பழவேற்காடு ஏரிக்கரைக்குக் கூட்டிவந்துவிட்டார். நடுவில் ஒரு தட்டு நிறைய எறால் வறுவல்.

“இது பொதுச்சொத்து. யார் வேணா எடுக்கலாம். நான் பாடம் முடிக்கிறப்ப ஒண்ணாவது மிஞ்சியிருந்தா நாளைக்கு டெஸ்ட் கிடையாது.”

ஆளாளுக்கு அள்ளித் தின்பார்கள், பொதுச்சொத்து பேராசையால்தான் அழிகிறது என்று நிரூபித்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

தட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி பேராசையைப் பிரித்து மேய்ந்தார். பேச்சு சூடேற, அடிக்கடி தண்ணீர் குடித்தார். கடைசியில் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், தட்டு காலி.

“பாத்தீங்களா? நாளைக்கு டெஸ்ட்.”

“நாங்க தொடவே இல்ல சார்,” என்றாள் சுண்ணாம்புக்குளத்து மீனவர் வீட்டுப் பெண் பவித்ரா. “பேசிக்கினே நீங்கதான் ஒண்ணொண்ணா வாயில போட்டீங்க.”

தணிகாசலம் விரல்களைப் பார்த்தார். மசாலா.

“அப்பவே சொல்ல வேண்டியதுதானே?”

“ஏரியில ஒருத்தர் முறையில இன்னொருத்தர் வலை போடமாட்டோம் சார். மொத எறாலை நீங்க எடுத்தீங்க. சரி, இன்னிக்கு சார் முறைன்னு கம்முனு குந்தினு இருந்தோம்.”

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“அப்போ டெஸ்ட்டும் உங்க முறைதானே சார்?”