ஏழு மாடித் திட்டம்

"நாலு மாடிக் கட்டடத்துல ஏழாவது மாடிக்கு எப்படிம்மா கதவு மாட்டுவீங்க?"

திட்டத்தாளை மேஜைமேல் போட்டுவிட்டுக் கேட்டார் மேலாளர். லிஃப்ட் பொருத்தும் அந்த நிறுவனத்தில் அவர் சேர்ந்து மூன்றே நாள்.

எதிரே நின்ற பெண் பொறியாளர் தாளை எடுத்து நிதானமாகப் பார்த்தாள்.

"மாட்ட மாட்டோம் சார்."

"எழுதியிருக்கே! ஏழாம் மாடிக் கதவு, இரண்டு நாள்."

"எழுதியிருக்கு சார்."

மேலாளர் அலமாரியிலிருந்து பழைய கோப்புகளை உருவினார். மருத்துவமனை, பள்ளிக்கூடம், துணிக்கடை. எல்லாவற்றிலும் அதே முப்பத்தெட்டு வரி. அதே ஏழு மாடி. துணிக்கடைக்கு இருந்ததே இரண்டு மாடிதான்.

"பழைய திட்டத்தை மாதிரியா வெச்சுக்கறது தப்பில்லம்மா. கட்டடத்துக்கு ஏத்த மாதிரி மாத்த வேண்டாமா? தலைப்பை மட்டும் மாத்திட்டு அப்படியே ஈயடிச்சான் காப்பி! யார் பண்றது?"

"பிளான் சார்."

ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் நரைத்த தலைக்காரரை அலுவலகத்தில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கையில் எப்போதும் சிவப்புப் பென்சில். வந்த நாளிலிருந்து அவர் அந்த ஒரே தாளில் குனிந்து கிடப்பதை மேலாளரும் கவனித்திருந்தார்.

அவரை வேலையிலிருந்து நீக்கச் சொல்லும் கடிதம் ஐந்தே நிமிடத்தில் தயாரானது. முதலாளிக்கு அனுப்புவதற்கு முன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடலாம் என்று ஜன்னலோரம் போனார்.

"வாங்க தம்பி! புதுசா வந்திருக்கிற மேலாளரா?"

காலையிலும் அவர் இதையேதான் கேட்டார். நேற்றும் கேட்டார். கிண்டல் செய்கிறார் என்று மேலாளர் நினைத்திருந்தார்.

"வரி வரியா சரிபார்த்துட்டேன் தம்பி. ஒரு பிசகு கிடையாது. பசங்க உயிர் சமாசாரமாச்சே."

சொல்லிவிட்டுத் தாளில் ஒரு டிக் அடித்தார். நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"வாங்க தம்பி! புதுசா வந்திருக்கிற மேலாளரா?"

"ஆமா சார்" என்றார் மேலாளர். கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினார்.

"ரெண்டு வருஷம் ஆச்சு சார்" என்றாள் பொறியாளர், தணிந்த குரலில். "ஒரு ஏழு மாடிக் கட்டடத்துல சாரம் சரிஞ்சு விழுந்துச்சு. கீழ நின்ன வெல்டரைத் தள்ளிவிட்டுட்டு இவர் மாட்டிக்கிட்டார். தலையில அடி. அதுக்கப்புறம் புதுசா எதுவும் மனசுல நிக்கறதில்ல. அந்தக் கட்டடத்துக்கு இவர் போட்ட திட்டம் மட்டும் ஒரு எழுத்து மாறாம ஞாபகம் இருக்கு. அதையே திரும்பத் திரும்பக் கொடுக்கறோம். அவரும் சரிபார்த்துக் கொடுக்கறார்."

"அப்போ வேலையெல்லாம் எதை வெச்சு நடக்குது?"

அவள் கைப்பையிலிருந்து வேறொரு தாளை எடுத்து நீட்டினாள். நாலு மாடிக்கான நிஜத் திட்டம். நாள், ஆள், சாமான் எல்லாம் அச்சுக் கோத்த மாதிரி கச்சிதம்.

மேலாளர் வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"இது முதலாளிக்குத் தெரிஞ்சா நம்ம எல்லார் சீட்டும் கிழிஞ்சிடும்மா. யார் போட்டது இந்தத் திட்டத்தை?"

"முதலாளிதான் சார். யார் காதுக்கும் போகக் கூடாதுன்னு எங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா சொல்லியிருக்கார்."